சிலைக்கு நின்றவர்கள்

குடவாசலிலிருந்து எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கண் வைத்தியத்துக்காகச் சென்னைக்கு வந்திருந்தார். அறுபது வருஷம் மண்வெட்டி பிடித்தவர். ஊர் திரும்புவதற்கு முதல் நாள் மாலை அவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். கடலை ஒரு பார்வை பார்த்தார், அதோடு சரி. உழைப்பாளர் சிலையைக் கண்டதும்தான் நின்றார்.

பாறையோடு மல்லாடும் அந்த நான்கு பேரையும் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-இல் வங்காளத்து ரங்கப்பூரில் பிறந்தவர். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவர். 1942 போராட்டத்தில் பாட்னாவில் சுடப்பட்டு இறந்த ஏழு மாணவர்களுக்கும் அவர்தான் நினைவுச் சிலை வடித்தார். இதே கடற்கரைக் காந்தியும் அவர் கைவேலையே. இந்தச் சிலை 1959 குடியரசு தினத்துக்கு முதல் நாள் திறக்கப்பட்டது. குஸ்தி பழகிய உடம்பு அவருக்கு. தசையின் வலி தெரிந்தவர் என்றேன்.

"செஞ்சவரு பேரு சொன்னீங்க. இப்படி நின்னு காட்டின ஆளுங்க யாரு தம்பி? அவங்களுக்குக் கூலி கொடுத்தாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஊர் மாடக்கோவிலைக் கோச்செங்கட் சோழன் கட்டினான் என்கிறோம். செங்கல் சுமந்தவன் பெயரை யார் கேட்டோம்? குதிரை மேல் மன்றோ வீற்றிருக்கும் பட்டணத்தில், கோவணம் கட்டியவனைப் பீடத்தில் ஏற்றினாரே சௌத்ரி, அது சின்னக் காரியமா? இப்படியெல்லாம் அவருக்காக வாதாட வாயெடுத்தேன். ஆனால் நான் வாதாடியது யாருக்காக?

என் நாவல் ஒன்றில் வரப்பில் உட்கார்ந்து அழுகிறானே ஒரு குடியானவன், அவன் இந்தப் பெரியவர்தான். மகனைப் பறிகொடுத்த வருஷம் அவர் அழுததை நான் பார்த்தேன், எழுதினேன். சன்மானம் வந்தது, மாலையும் விழுந்தது. அவருக்கு எழுத்து வாசனை கிடையாது, நானும் சொன்னதில்லை. ஒருவனுடைய துக்கம் அவனுக்குச் சொத்தா? சொத்தென்றால் நான் திருடன். இல்லையென்றால், இத்தனை வருஷம் சொல்லாமல் ஏன் ஒளித்தேன்? பங்கு கொடுக்கலாம் என்றால், அழுகைக்கு விலை கட்டியதாகி விடாதா?

"பொழுது சாஞ்சா எங்களையாவது வீட்டுக்கு விடுவாங்க" என்று சிலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

பஸ்ஸுக்கு நின்றபோது சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும், "கண் உறுத்தவில்லையே?" என்றுதான் கேட்க வந்தது.