மறந்தவரிடம் பட்ட கடன்

முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தொடக்கத்தில் நன்றியுரை இடம்பெறுவது மரபு. நெறியாளர், நூலகர், தட்டச்சு செய்தவர் எனப் பெயர்கள் அணிவகுக்கும். மூளையை ஆராய்வோர் மட்டும், தாம் மிகுதியாகக் கடன்பட்ட நோயாளியின் பெயரை வெளியிடுவதில்லை. 1957 முதல் 2008 வரை 'எச்.எம்.' என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே அறியப்பட்ட ஒருவரை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

அவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலைசன். கடும் வலிப்பு நோயால் துன்புற்ற அவருக்கு 1953-இல், 27-ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தார். மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் ஒரு பெரும் பகுதியும் சுற்றியுள்ள திசுக்களும் அகற்றப்பட்டன. வலிப்பு தணிந்தது, புதியதை நினைவில் இருத்தும் ஆற்றலும் அதனோடு போயிற்று. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே சென்று சற்று நேரத்தில் திரும்பினால், ஹென்றிக்கு அவர் புதியவரே.

மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1952-இல் முனைவர் பட்டம் பெற்ற பிரெண்டா மில்னர், மாண்ட்ரியலிலிருந்து இரவு ரயிலேறி வந்து ஹென்றியைச் சோதித்தார். கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தைப் பார்த்தபடியே அதன் விளிம்பை வரையச் சொன்னார். மூன்று நாட்களில் ஹென்றியின் கை தேர்ச்சி பெற்றது. முன்பு வரைந்ததாக அவருக்கோ நினைவே இல்லை. நினைவு ஒன்றன்று, பலவகைப்பட்டது என்பதற்கு அந்தக் கை சான்றாயிற்று. 1962-இல் மில்னரின் மாணவியாக, தம் முனைவர் பட்ட ஆய்வின்போது ஹென்றியைச் சந்தித்த சூசன் கார்கின், ஹென்றி 2008-இல் இறக்கும்வரை அவரை ஆராய்ந்தார்.

நம் வினா இங்கேதான் பிறக்கிறது. ஹென்றி ஒவ்வொரு முறையும் மகிழ்ந்தே இசைந்தார். தம்மிடம் கற்பது பிறருக்கு உதவும் என்றும் சொன்னார். ஆயினும் காலையில் தந்த இசைவை மாலையில் அறியாதவரின் இசைவு எத்தகையது? "போதும், அலுத்துவிட்டது" என்று சொல்ல, முன்பு நூறு முறை செய்தது நினைவிருக்க வேண்டுமன்றோ? அலுப்பறியாத மனிதர் ஆய்வாளனுக்குக் கிடைத்தற்கரிய பேறு. அஞ்ச வேண்டியதும் அதையேதான். மறதியுற்ற தாயிடம் பத்திரத்தில் கைநாட்டு வாங்கும் பிள்ளைகளை நாம் அறியாதவர்களா?

அந்த இசைவே போலி என்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கொடுக்கும் உரிமையையும் அவரிடமிருந்து பறித்துவிட்டால், அவருக்கு எஞ்சுவது பரிவு மட்டுமே. ஆனால் இருவர் செய்த உடன்பாட்டை ஒருவர் மறந்துபோனால், அதன் முழுப் பாரமும் நினைவுள்ளவர்மேல் விழுகிறது. அவர் களைத்திருக்கிறாரா என்பதை அவருக்காக இவர் கவனிக்க வேண்டும். எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கையும் இவரே வைத்திருக்க வேண்டும். பட்டம் பெறும் அவசரத்தில் இருக்கும் ஓர் இளைஞனுக்கு இது எளிதன்று. பல்கலைக்கழகத் தேர்வு எதுவும் இதை அளப்பதுமில்லை.

ஹென்றியின் மூளை 2009-இல் சான் டியாகோவில் 2401 மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாதுகாக்கப்பட்டது. அவருடைய முழுப்பெயரோ இறப்பிற்குப் பின்னரே உலகுக்குத் தெரிந்தது.

கார்கினின் முகம் மட்டும் பல்லாண்டுப் பழக்கத்தில் ஹென்றிக்கு எப்படியோ தெரிந்ததுபோல் தோன்றிற்றாம். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால், உயர்நிலைப் பள்ளியில் என்பாராம்.