கோட்டைக்குள் இருந்த கோவில்



சென்னை ஆர்மேனியன் தெருவில் அந்தோனியார் கோவில் என்று நாம் அழைக்கும் இணைப் பேராலயத்தின் வாயிலில் 1642 என்று பொறித்திருக்கிறது. ஆனால் அந்தக் கோவில் எழுந்ததோ 1775ல். அப்படியானால் 1642 எந்தக் கோவிலின் வருஷம்? இன்று இல்லாத ஒரு கோவிலின் வருஷம்.

1642ல் எப்பிரேம் சுவாமியார் என்ற பிரெஞ்சுக் கபுச்சின் துறவி, பெகு தேசம் போகும் வழியில் சென்னைக்கு வந்தார். புனித ஜார்ஜ் கோட்டை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே குடியேறிய கத்தோலிக்கர் மேய்ப்பனில்லாத ஆடுகளாயிருந்தார்கள். சுவாமியார் பெகுவை மறந்தார்; இங்கேயே தங்கினார். கோட்டைக்குள் அர்ச். பெலவேந்திரர் பேரால் கோவில் உண்டாயிற்று. பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். 1649ல் அவரைச் சாந்தோமில் பிடித்து, கோவாவிலிருந்த போர்த்துக்கீசிய விசாரணை மன்றத்தின் சிறையில் அடைத்தார்கள். விடுதலையானதும் அவர் தாய்நாட்டுக்குப் போகவில்லை. தம் மந்தையிடமே திரும்பினார்.

1746ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1749ல் நகரம் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. குருக்கள் பகைவருக்குத் துணைபோனார்கள் என்ற சந்தேகத்தால் கோவில் பறிக்கப்பட்டது, பிறகு இடிக்கப்பட்டது. நூறு வருஷத்துக்குமேல் ஞானஸ்நானமும் மெய்விவாகமும் நடந்த இடம் வெறும் தரையாயிற்று.

அந்த ஜனங்கள் சிதறிப்போனார்களா? இல்லை. கோட்டைக்கு வெளியே, ஆர்மேனியன் தெருவிலிருந்த சிற்றாலயத்தில் கூடினார்கள். அங்கே பெரிய கோவிலும் எழுந்தது. வாயிலில் நிலைத்த வருஷமோ பழைய வருஷம். கல் போயிற்று, பங்கு போகவில்லை என்பதற்கு அந்த நான்கு இலக்கங்களே சாட்சி.

பிரியமானவர்களே, நம் கோவிலை ஒருவரும் இடிக்கவில்லை. சுவரும் கோபுரமும் உறுதியாய் நிற்கின்றன. ஆனால் பூசைக்கு மணி அடித்த பின்னும் காலியாயிருக்கும் இடங்கள் எத்தனை! மாலை ஜெபமாலை நின்றுபோன வீடுகள் எத்தனை! சண்டையால் பூசைக்கு வருவதையே விட்ட சகோதரர் எத்தனை பேர்! அவர்கள் கோவிலை இழந்தும் பங்கைக் காத்தார்கள். நாமோ கோவிலை வைத்துக்கொண்டே பங்கை இழந்துவிடலாம்.

ஆகையால் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். நெடுநாளாய்க் கோவிலில் காணாத ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் போங்கள். குறை கூற வேண்டாம். நலம் விசாரித்து, வரும் ஞாயிறு உங்களோடு அழைத்து வாருங்கள். நல்ல ஆயனாகிய சேசுநாதர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு