வெட்கத்தின் விலை

அக்டோபர் பத்தாம் தேதி உலக மனநல நாள். 1992-லிருந்து அனுசரிக்கப்படுகிறது. மாவட்டத் தலைநகரங்களில் அன்று ஊர்வலம் நடக்கும். கலெக்டர் கொடி அசைப்பார். நர்ஸிங் மாணவிகள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடப்பார்கள். மனநோயும் மற்ற நோயைப் போல ஒரு நோய்தான், மறைக்காதீர்கள், வெட்கப்படாதீர்கள் என்பதுதான் அட்டைகளின் சாரம். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, நான் செய்யமாட்டேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தப் பிரசாரத்தை அரசாங்கத்தின் கடமையாகவே விதித்திருக்கிறது.

ஆனால், 'வெட்கப்படாதே' என்று இன்னொருவருக்குச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வெட்கம் அறியாமையில் பிறக்கிறது என்பது அதிகாரிகளின் நம்பிக்கை. நள்ளிரவில் தனக்குத் தானே பேசிக்கொள்ளும் மகனையும், கல்யாண வயதில் ஒரு மகளையும் வைத்துக்கொண்டிருக்கும் தாயை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்பதும் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் எதை விசாரிப்பார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் மகனை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறாள். அவள் நோயைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நம்மைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். அட்டை பிடித்து நடந்த பெண்ணின் அண்ணனுக்கே அந்த வீட்டில் வரன் பார்த்தால் என்ன பேச்சு நடக்கும்?

சட்டமும் இதில் தடுமாறத்தான் செய்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குரிய காரணங்களில் ஒன்றாக இருந்த தொழுநோய் 2019-இல் நீக்கப்பட்டது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு முற்றிய மனநோய் இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "மறைத்துக் கட்டிவைத்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏமாற்றப்பட்டவளிடம் போய் மனிதாபிமானம் உபதேசிக்க எனக்கு வாய் வராது. ஆனால் உண்மைக்கு நாம் விதித்திருக்கும் விலை பெரிது. அதனால்தான் பொய் சொல்கிறார்கள். அந்த விலையைக் குறைக்காமல் உண்மையை மட்டும் கேட்பது, கடன்காரனிடம் தாராள மனத்தை எதிர்பார்ப்பது போலத்தான்.

சொற்களை மாற்றினால் போதும் என்றும் ஓர் அபிப்பிராயம் உண்டு. பைத்தியக்கார ஆஸ்பத்திரி மனநல மருத்துவமனை ஆயிற்று. சென்னையில் 1871-லிருந்து அந்த ஆஸ்பத்திரி இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊரின் பெயரே வசவாகிவிட்டதே! பலகையை மாற்றலாம், பின்னாலேயே ஏளனமும் வந்து ஒட்டிக்கொள்ளும். தலையில் அடிபட்டால் பைத்தியம் தெளியும் என்று கதைகளிலும் சினிமாவிலும் காட்டிய எங்கள் கூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியைச் சொல்லவேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களுந்தான். வெறுத்து விட்டார்கள் என்று சொல்லிவிட்டால் நமக்குச் சுலபம். தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பியே பலர் விட்டார்கள்.

அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. பின் வந்த ஆண்டுகளில் தர்காவை ஒட்டியே அரசாங்க மனநல மருத்துவர் உட்கார ஏற்பாடாயிற்று. துஆவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்பது திட்டம். பகுத்தறிவு மூடநம்பிக்கையோடு சமரசம் செய்துகொண்டுவிட்டது என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர்வலம் அந்தத் தாயை வீதிக்கு வரச்சொல்கிறது. இங்கேயோ, அவள் எப்போதும் போகிற இடத்துக்கு மருத்துவர் வந்திருக்கிறார். தர்காவுக்குப் போய்வந்தேன் என்று அவள் ஊரில் சொல்லிக்கொள்ளலாம். பையில் மாத்திரையும் இருக்கும். மகளுடைய கல்யாணம் நடக்குமா என்பது வேறு விஷயம்; மகன் அன்றிரவு தூங்குவான்.