பக்கத்து அறையின் பாடம்

பியானோ ஆசிரியரின் வேலை தனிமையானது. ஓர் அறை, ஒரு பியானோ, ஒரு குழந்தை. அரை மணி முடிந்தால் அடுத்த குழந்தை. பள்ளி ஆசிரியருக்காவது பேசிப் பார்க்கச் சக ஆசிரியர்கள் உண்டு. வீட்டில் வகுப்பு எடுப்பவருக்கு அதுவும் இல்லை. தன் குரு காட்டிய ஒரே வழியில் முப்பது வருடம் ஓடிவிடும்.

இந்தத் தனிமைக்கு ஒரு மருந்து, ஆசிரியர்கள் கூடும் மாநாடு. 1876இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தியோடர் பிரெஸ்ஸர் என்ற இசை ஆசிரியர் தன் சகாக்களைத் திரட்டித் தொடங்கிய தேசிய இசை ஆசிரியர் சங்கம் இன்றும் மாநாடு கூட்டுகிறது. நம் மியூசிக் அகாடமியே 1927இல் சென்னையில் கூடிய இசை மாநாட்டிலிருந்து பிறந்ததுதான். அங்கே டிசம்பர் காலை உரைகளில் வித்வான்களும் ரசிகர்களோடு உட்கார்ந்து கேட்கிறார்கள்.

மாநாட்டில் சொற்பொழிவைவிட, இன்னொருவர் பாடம் நடத்துவதைப் பார்ப்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு வாசிக்கும் மாணவனிடம் "கையைத் தளர விடு" என்று நூறு முறை சொல்லிச் சலித்திருப்போம். அங்கே ஓர் ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் அவன் இருக்கையைக் கொஞ்சம் உயர்த்துவார். முழங்கை மேலே வரும், மணிக்கட்டு தானாக இளகும். குறை மாணவனிடம் இல்லை என்று அப்போதுதான் உறைக்கும்.

மாநாட்டுக்குப் போகச் செலவு உண்டு, வகுப்புகளும் தடைபடும். ஆனாலும் அது வீணல்ல. பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் ஆசிரியர் மாநாட்டுக்காக இரண்டு நாள் விடுப்பு கேட்டால், முகம் சுளிக்காமல் அனுப்பிவையுங்கள்.