கவனம் என்னும் செல்வம்



உலையில் இட்ட அரிசியை நிமிடத்திற்கு ஒருமுறை அடுப்பிலிருந்து இறக்கி இறக்கி வைத்தால் சோறு ஆகுமா? விறகு எரிந்து தீரும், அரிசியோ வேகாது. இன்று பல்கலைக்கழகங்களில் பயிலும் இளைஞர் பலரின் படிப்பு இந்நிலையில்தான் இருக்கிறது. நூல் விரிந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, இரவும் கழிகிறது. ஆயினும் சமூக வலைத்தளங்களில் ஒரு செய்தி, ஒரு படம், ஒரு காணொளி என்று மனம் அடிக்கடி இறங்கிவிடுவதால், படித்தது உள்ளத்தில் ஊறுவதில்லை.

இதனை இளைஞர்களின் பலவீனம் என்று மட்டும் கூறிவிட இயலாது. முடிவின்றி நகர்ந்துகொண்டே இருக்கும் திரையை 2006ஆம் ஆண்டு வடிவமைத்தவர் அஸா ராஸ்கின். பக்கம் முடிந்தால் மனிதன் சற்றே நின்று, 'போதுமா?' என்று எண்ணுவான். அந்த நிறுத்தத்தையே இவ்வமைப்பு அகற்றிவிட்டது. அதன் விளைவைக் கண்டு அவரே பின்னாளில் வருந்தினார். இத்தளங்களைப் பணம் கொடாமல் பெறுவதாக நினைக்கிறோம். உண்மையில் நம் கவனத்தைக் கொடுக்கிறோம். அது விளம்பர வருவாயாக மாறுகிறது.

டெக்ஸாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். கைபேசியை மேசைமேல் வைத்திருந்த மாணவர்களைவிட, வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் சிந்தனைத் திறன் சோதனைகளில் சிறந்து விளங்கினர். மேசைமேல் இருந்த கைபேசி ஒலிக்கவும் இல்லை! அதை எடுக்காமல் இருப்பதற்கே மனம் தன் ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிடுகிறது என்பது அவர்கள் கருத்து.

மனம் அடங்க மறுக்கிறது என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் முறையிட்டபோது, பகவான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பயிற்சி, பற்றின்மை என்னும் இரு வழிகளைக் காட்டியருளினார். படிக்கும் வேளையில் கைபேசியை வேறு அறையில் வைப்பது பற்றின்மையின் முதற்படி. நாள்தோறும் குறித்த நேரத்தில் அமர்ந்து, மனம் நழுவும்போதெல்லாம் பொறுமையுடன் நூலுக்கே அழைத்து வருவது பயிற்சி. முதல் நாள் அரைமணி நேரம் போதும்.

கருவி பகையன்று. 2017இல் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தின் பாடங்களும் அதே கைபேசியில்தான் வருகின்றன. நாம் அதனை ஆள்கிறோமா, அது நம்மை ஆள்கிறதா என்பதே கேள்வி.

கடன் பெற்றும் உங்களைப் படிக்க அனுப்பிய பெற்றோரின் உழைப்பு உங்கள் மேசைமேல் நூலாக விரிந்திருக்கிறது. அந்நூலுக்கு உங்கள் முழு மனத்தையும் இன்றே அளியுங்கள். ஒன்றில் நிலைத்து நிற்கப் பழகிய மனம், பட்டம் பெற்ற பின்னரும் வாழ்நாள் முழுவதும் உங்களுக்குத் துணை நிற்கும்.