முத்தையாவின் கடன்

'தவமாய் தவமிருந்து' வெளிவந்தது 2005 நவம்பரில். சேரன் எழுதி இயக்கி, இளைய மகன் ராமலிங்கமாகவும் நடித்தார். தகப்பன் முத்தையாவாக ராஜ்கிரண். அந்த ஆண்டின் தேசிய விருதுகளில் குடும்ப நலனுக்கான படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடும் படம், அதனால் இழுவை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு மனிதன் கடன் வாங்கி, அடைத்து, அடைத்த கையோடு மறுபடி வாங்குவதை மெதுவாகத்தான் சொல்ல முடியும்.

*

முத்தையாவுக்குச் சிவகங்கையில் ஒரு சின்ன அச்சகம். எங்கள் புதுக்கோட்டையிலிருந்து திருமயம் தாண்டிக் காரைக்குடிக்குள் நுழைந்தாலே சிவகங்கை மாவட்டம் வந்துவிடும். அதே செம்மண், அதே கண்மாய், மழையை நம்பி அதே விதைப்பு. அடுத்த வீட்டுக் கதையாகவே எங்கள் பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

*

அச்சகத்தைத் தொழிலாகத் தேர்ந்தெடுத்தது சேரனின் கெட்டிக்காரத்தனம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, சட்டத்தில் முடுக்கி, டிரெடில் அச்சு எந்திரத்தைக் காலால் மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கத்தான் தாள். ஆயிரம் நோட்டீஸ் என்றால் ஆயிரம் தடவை தாள் வைத்து எடுக்க வேண்டும். கையும் காலும் ஒரே தாளத்தில் போகாவிட்டால் விரல் நசுங்கும். படத்தில் தீபாவளி நெருக்கத்தில் முத்தையா கையில் காசில்லை, கடைசி நேரத்தில் ஒரு வேலை வருகிறது, இரவெல்லாம் கண்விழித்து அடித்துக் கொடுக்கிறார். பிள்ளைகளுக்குப் புதுத்துணி வருகிறது. அந்தச் சட்டையின் விலையை மிதிக் கணக்காகவே பார்வையாளன் எண்ணிவிடலாம். தகப்பனின் உழைப்பைப் பேசும் படங்களில் பலவற்றில் அது என்ன உழைப்பு என்றே தெரியாது. வியர்வையைத் துடைப்பார்கள், அவ்வளவுதான்.

*

'என் ராசாவின் மனசிலே'யில் (1991) ஆட்டுக்கறி எலும்பைக் கடித்து நொறுக்கிய அதே ராஜ்கிரண். அந்த உடம்பை இங்கே சைக்கிளில் குறுக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். பலசாலி ஒருவர் கடன் கொடுத்தவர் முன்னால் குனிந்து நிற்பதைப் பார்க்கும்போது நமக்குள் ஏதோ இடறுகிறது. மெலிந்த நடிகர் ஒருவர் நின்றிருந்தால் இரக்கம் மட்டும்தான் வந்திருக்கும்.

*

முத்தையாவுக்கு ஒன்று வாய்க்கவில்லை: மொய் விருந்து.

ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடிப் பக்கமெல்லாம் பந்தல் ஏறும். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம். பணம் தேவை, அதற்காகவே அழைப்பிதழ் அடித்து, ஆட்டுக்கறி ஆக்கி, ஊரைக் கூப்பிடுவார்கள். செலவைப் பங்குபோட்டுக்கொள்ளப் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். ஆளுக்கொரு மேசை, வந்தவர்கள் வைக்கும் மொய்யை எழுத ஆளுக்கொரு நோட்டு. பெரிய விருந்துகளில் பணம் எண்ணும் எந்திரம்கூட வந்தாயிற்று. வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விருந்தில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். வாங்கியதற்கு மேலே வைப்பது புது நடை, அதாவது புதுக் கணக்கு. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஒரு சுற்று வர ஏறக்குறைய ஐந்து வருடம்.

அந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு இறங்கியிருக்கிறது. வீடு எழும்பியிருக்கிறது. மகன் பொறியியல் படித்திருக்கிறான், இன்னொருவன் சிங்கப்பூருக்கு விமானம் ஏறியிருக்கிறான். முத்தையா வட்டிக்காரரிடம் ஒண்டியாக நின்றதை இங்கே ஊரோடு சேர்ந்து செய்கிறார்கள். மானம் போகாத கடன் என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் ஊரே பார்க்க எழுதிய கடனைத் தட்ட முடியாது. திருப்பிச் செய்ய முடியாதவருக்கு அந்த ஐந்தாவது வருடத்து ஆடி எப்படி இருக்கும் என்பதை அவர் வீட்டார் மட்டுமே அறிவார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, அந்த மரங்களை நம்பிக் கைநீட்டியிருந்தவர்கள் பலர். மரம் விழுந்ததால் நோட்டில் எழுதிய எண் குறையவில்லை.

*

தகப்பன் இறந்தால் மொய் நோட்டு மகனுக்கு வரும். நிலம் வருவதுபோல வரவு, செலவு இரண்டும் சேர்ந்தே வரும். பெயர், ஊர், தொகை மூன்றும்தான் அதில் இருக்கும். எதற்காக வாங்கியது என்று இருக்காது. அதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். "அது ஒங்க அக்காவுக்குத் தோடு செஞ்சப்ப. இது ஒன்னய ஹாஸ்டல்ல சேத்தப்ப." படத்தில் சரண்யா நடித்த முத்தையாவின் மனைவி சாரதாவும் இப்படி எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கக்கூடிய பெண்மணிதான். ஆனால் படத்தின் பெயரில் இருக்கும் தவம் தகப்பனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

*

சேரனிடம் உதவி இயக்குநராக இருந்த பாண்டிராஜ் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். அவருடைய முதல் படம் 'பசங்க' (2009), விராச்சிலையில் எடுக்கப்பட்டது. அதில் தகப்பன்கள் தவம் செய்யவில்லை. ஒருவர் வாத்தியார், நிதானமானவர். இன்னொருவர் வீட்டில் மனைவியோடு சண்டை போடுகிறார், பிள்ளை பார்த்துக்கொண்டே நிற்கிறான். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. சேரனின் படம், வளர்ந்துவிட்ட மகன் நினைத்துப் பார்ப்பது. அதில் தகப்பனின் கோபம்கூடக் காலத்தில் கரைந்து நல்லதாகிவிடுகிறது. 'பசங்க', மகன் இன்னும் சிறுவனாக இருக்கும்போதே நடப்பது.

*

முத்தையாவின் பொறுமை கிட்டத்தட்டத் தெய்வத்தின் பொறுமை. படிக்க வைத்த மகன் காதலித்த பெண்ணோடு சென்னைக்கு ஓடிப்போகிறான், குழந்தை பிறந்ததும் இவரே தேடிப் போகிறார். அழாமல் அந்தக் காட்சியைக் கடந்தவர் குறைவு, நானும் கடக்கவில்லை. ஆனாலும் என் மனதில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. எங்கள் ஊர்த் தகப்பன்கள் அப்படி இல்லை. பிள்ளை எதையாவது கேட்டால் "இந்த வருசம் முடியாது, போடா" என்று கத்தினார்கள். கத்திவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். மூன்றாம் நாள் யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்து, அப்போதும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே கொடுத்தார்கள். கடன் வாங்கியவனுக்கு எரிச்சல் வராதா? அந்த எரிச்சலையும் சேர்த்து எழுதியிருந்தால் முத்தையா இன்னும் கொஞ்சம் எங்கள் ஊர்க்காரராக இருந்திருப்பார்.