தேறியவர்கள்

2025 ஆகஸ்ட் 21 அன்று, நாட்டிலேயே முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் மாநிலம் என்று கேரளம் தன்னை அறிவித்துக்கொண்டது. வீடு வீடாகக் கணக்கெடுத்ததில், ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியாதவர்கள் ஏறத்தாழ 21.88 லட்சம் பேர். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் அவர்களைத் தேடிப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். தேறியவர்கள் 99.98 சதவீதம், நூறு வயதைத் தாண்டிய ஒருவரும் அதில் உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படித் தேர்ச்சி வந்தால் விடைத்தாளை யார் திருத்தியது என்று கேட்போம். பெரியவர்கள் விஷயத்தில் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

கைதட்ட வேண்டிய விஷயம்தான். இது தொடங்கியது திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சியில். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள், கூலி ஏறிவிட்டதா என்று பார்ப்பதற்காகவே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வங்கி வரிசையில் நின்றார்கள். கூலியைப் பார்க்கக் கூலியை இழப்பது. அதைக் கவனித்தவர்கள், கணக்கில் இருக்கும் பணத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022இல் அந்த ஊராட்சி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அங்கே பாடம் கற்பவரின் தேவையிலிருந்து பிறந்தது.

எல்லா இடத்திலும் அப்படியில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். சைக்கிள் பழகியவள் எங்கே போவது என்பதை அவளே முடிவு செய்தாள். இன்றைய டிஜிட்டல் வகுப்புகளில் போகுமிடம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது: மின்கட்டணம், கேஸ் பதிவு, ஓய்வூதியம். நேற்றுவரை கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையை, இன்று இந்தப் பக்கம் நிற்கும் எழுபது வயதுக்காரர் சம்பளமில்லாமல் செய்யக் கற்கிறார். இதற்கு அதிகாரமளித்தல் என்று பெயர். கவுண்டரை மூடியது யார் என்ற கேள்விக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

ஓய்வூதியத்தையே எடுத்துக்கொள்வோம். ஓய்வூதியர் ஆண்டுக்கொரு முறை தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று முறை, அதை விரல் ரேகையால் செய்யலாம் என்றது. மண்வெட்டி பிடித்த கையிலும் வயதாகி வறண்ட கையிலும் ரேகை நிற்பதில்லை என்பது ரேஷன் கடை வரிசையில் நின்ற யாருக்கும் தெரியும்; “ரேகை விழல பாட்டி, இன்னொரு விரல வைங்க” என்பது அங்கே அன்றாடம் கேட்கும் குரல். 2021இல் முகம் காட்டும் முறையும் வந்தது. தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிவு செய்துகொடுக்கும் வசதியும் உண்டு. கட்டணம் 70 ரூபாய். ஆனால், முகம் காட்டுவதும் எல்லோராலும் முடிவதில்லை. ஆசிட் வீச்சில் கண் சிதைந்தவர்களால் வங்கிச் சரிபார்ப்புக்காகக் கேமரா முன் இமைத்துக் காட்ட முடியவில்லை என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. டிஜிட்டல் சேவைகளை அணுக முடிவது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. இயந்திரத்தை மனிதருக்கு ஏற்ப மாற்று என்று சொல்வதற்கு நீதிமன்றம் தேவைப்பட்டது. மனிதரை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றுவதற்கு ஒரு சனிக்கிழமை முகாம் போதும் என்று நினைக்கிறோம்.

தன்னார்வலர்கள் நடத்தும் இந்த வகுப்புகளின் உண்மையான பலன் அரசாங்கம் எண்ணாத ஓரிடத்தில் இருக்கிறது. வீட்டில் அப்பா போனை நீட்டினால் மகன் வாங்கிக்கொள்கிறான். “குடுங்கப்பா, நானே பண்ணிடறேன்.” பத்து நொடியில் வேலை முடிந்து போன் திரும்பி வருகிறது, அப்பாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அன்பில் குறைவில்லை, பொறுமையில்தான். மூன்றாவது முறை கேட்க அவருக்கும் கூச்சம். ஒரு காலத்தில் அதே மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். பக்கத்துத் தெருவிலிருந்து சொல்லிக்கொடுக்க வரும் கல்லூரிப் பெண்ணுக்கும் அவருக்கும் இடையில் அந்தப் பழைய கணக்கெல்லாம் கிடையாது. “தாத்தா, நீங்களே அமுக்குங்க” என்று அவளால் ஏழாவது முறையும் சொல்ல முடிகிறது. குடும்பங்கள் வெளியே பேசாத இன்னொன்றும் உண்டு. ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் கொடுத்தவர், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். போனைத் தானே இயக்கத் தெரிந்த பாட்டி, பேத்திக்கு ஐநூறு ரூபாய் அனுப்ப யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குள்ள கவலை வேறு. சொன்ன இடத்தில் அமுக்குவது, வந்த எண்ணைப் படித்துச் சொல்வது, அதிகாரியின் குரலுக்குப் பணிவது என்று பழகிய நல்ல மாணவரைத்தான் மோசடிக்காரனும் தேடுகிறான். போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் தோன்றி, உங்களை ‘டிஜிட்டல் அரஸ்ட்’ செய்திருக்கிறோம் என்கிறான். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும் என்று வகுப்புகளில் சொல்கிறார்கள், சொல்லட்டும். ஆனால், வாழ்நாள் முழுக்க அலுவலகங்களில் எழுந்து நின்று பேசியவர், அதட்டும் குரல் கேட்கும்போது வகுப்பில் சொன்னதை நினைத்துப் பார்ப்பாரா? மறுப்பதும் கைப்பழக்கம்தான். சொல்லிக்கொடுக்கும் பெண்ணே ஒருநாள் புது எண்ணிலிருந்து அழைத்து, அதிகாரிபோல மிரட்டிப் பார்க்க வேண்டும். தாத்தா பதில் சொல்லாமல் இணைப்பைத் துண்டிக்கும்வரை அந்தப் பாடம் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகும் செயலி மாறும், பொத்தான் இடம் மாறும், சான்றிதழ் வாங்கியவர் மறுபடி முதல் வகுப்புக்கு வருவார். அப்போது அவர் போக ஓர் இடம் வேண்டும். ஊர்ப்புற நூலகத்தில் வாரம் ஒரு மாலை, ஒரு மேசை, நீட்டிய போனைக் கையில் வாங்காமலே விளக்கத் தெரிந்த ஓர் ஆள். இதற்கான செலவு ஓர் அறிவிப்பு விழாவின் பந்தல் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.